மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஆசிரியைக்கு

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 44 வயது. 19 வருடங்களாக உயர் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறார். காலை 5 மணிக்கு எழுந்து, வீட்டில் எல்லோருக்கும் சமைத்து, அவரவர் டப்பாவைக் கட்டிவைத்துவிட்டு, தான் ஒரு டீயை மட்டும் குடித்துக்கொண்டு 7 மணிக்குக் கிளம்பிவிடுகிறார். முதல் இடைவேளையில் இன்னொரு டீ, இரண்டு பிஸ்கட். பகல் முழுக்க எண்ணினால் நான்கைந்து டீ. மதிய இடைவேளை அட்டவணைப்படி 40 நிமிடம். ஆனால் வாரத்தில் பாதி நாள் பிள்ளைகள் சாப்பிடுவதை மேற்பார்வை பார்க்க வேண்டும். மீதி நாள் நோட்டுத் திருத்தம், பெற்றோர் சந்திப்பு, வராத ஆசிரியருக்குப் பதிலாக ஒரு வகுப்பு. ஐந்தாறு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார். வாரத்தில் இரண்டு நாளாவது டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது. தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில் இருக்கிறது, பாதி வகுப்பில் எழுந்து போகவும் முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

மாலை 5 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடுகிறார். இரவு 10 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, அரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறார். ஆறு வருடத்தில் 9 கிலோ கூடி இப்போது எடை 72 கிலோ. அண்மைப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி) 6.1, ஹீமோகுளோபின் 10.8. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் இருப்பதால் இரண்டு வருடமாக மருந்துக் கடையில் வாங்கி கேஸ் மாத்திரை போடுகிறார். தலைவலிக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் வலி மாத்திரை. கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு. மாதவிடாயில் போக்கு அதிகம். குரல் அடிக்கடி கட்டிக்கொள்கிறது.

அவர் கேட்டிருப்பவை: இது அல்சரா? உடன் வேலை பார்ப்பவர் 16 மணி நேரம் சாப்பிடாமலிருந்து எடையைக் குறைத்திருக்கிறார், நானும் செய்யலாமா? பகல் முழுக்கப் பட்டினி கிடந்தும் எடை ஏன் கூடுகிறது? மதிய மேற்பார்வையைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேசினால் வேலைக்குச் சோம்பல்படுபவள் என்று நினைப்பாரா? கடைசியில் ஒரு வரி: “உனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்கிறார் கணவர், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.”

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் சர்க்கரையைப் பற்றியும் எடையைப் பற்றியும் நிறைய கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்றைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும்.

உங்கள் ஹீமோகுளோபின் 10.8. கருவுறாத பெண்ணுக்கு அது 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. போக்கு அதிகம் என்பதால் அதுதான் காரணம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே இருக்கலாம். ஆனால் மேல்வயிற்று வலி, அடிக்கடி வலி மாத்திரை, ரத்தசோகை ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால், வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் எந்த மருத்துவரும் விடக் கூடாது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கசடோ வந்தாலோ, நிற்கும்போது கண் இருட்டினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த நிலையில் அடுத்த பீரியட் யார் எடுப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம்.

இது அல்சரா?

நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்றுதான் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். நீங்களும் அதை நம்பி, சாப்பிடாமல் இருந்ததற்குத் தண்டனையாக இது வந்துவிட்டதென்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒரு திருத்தம் வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1980-களில் இதைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார்கள். இன்னொன்று, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள். பட்டினி கிடந்தால் எரிச்சல் அதிகமாகத் தெரியும், இருக்கும் தொந்தரவு கூடலாம். ஆனால் பட்டினி மட்டுமே புண்ணை உண்டாக்குவதில்லை.

ஆக உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது சாப்பிடாத மத்தியானத்தைவிட அந்தத் தலைவலி மாத்திரையைத்தான். பெயரை நீங்கள் எழுதவில்லை. அது மேலே சொன்ன வகையைச் சேர்ந்ததாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை தலைவலி தாங்க முடியாமல் போனால் பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளுக்கு மேல், தொடர்ந்து சில மாதங்கள் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கும். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்கிறீர்கள். அந்த எல்லையில்தான் நிற்கிறீர்கள்.

கேஸ் மாத்திரையையும் சொல்ல வேண்டும். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை நல்ல மருந்துகள். தேவைப்படுகிறவர்களுக்கு உயிரைக் காப்பவை. ஆனால் ஏன் போடுகிறோம் என்று தெரியாமல் இரண்டு வருடம் போடுவது வேறு. அமிலம் குறைந்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து சரியாக உறிஞ்சப்படாது. நாளடைவில் பி12-ம் குறையலாம். ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் உங்களுக்கு இது இன்னொரு சுமை. இதை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், எரிச்சல் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். பைலோரிக்கான மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்வதென்றால் இரண்டு வாரம் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எப்போது நிறுத்துவது, எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) தேவையா என்பதையெல்லாம் உங்களை நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் சொல்லும் எரிச்சலில் ஒரு பகுதி புண்ணே இல்லாமல் வெறும் எதுக்களிப்பாகவும் இருக்கலாம். இரவு 10 மணிக்கு நிறையச் சாப்பிட்டு பத்தரைக்குப் படுத்தால் வயிற்றில் இருப்பது மேலே ஏறத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள். மாத்திரை இல்லாமலே சிலருக்கு இதிலேயே பாதி தொந்தரவு போய்விடுகிறது. காலையில் குரல் கரகரப்பதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம்.

சாயங்காலப் பசி உங்கள் குற்றம் அல்ல

“வாய்க்கட்டுப்பாடு இல்லை” என்ற வரிக்கு வருகிறேன். அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது.

உங்கள் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முந்தைய இரவு பத்தரையிலிருந்து மறுநாள் மாலை 5 மணி வரை பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். இதற்குள் உங்கள் வயிற்றுக்குப் போவது நான்கைந்து டீ, சில பிஸ்கட், நல்ல நாளாக இருந்தால் ஐந்து நிமிடச் சாப்பாடு. இந்த நேரம் முழுக்க நீங்கள் நிற்கிறீர்கள், உரக்கப் பேசுகிறீர்கள், நாற்பது பிள்ளைகளைக் கவனிக்கிறீர்கள். வகுப்பின் பரபரப்பில் பசி அமுங்கியிருக்கும், அது போய்விடுவதில்லை. பள்ளி முடிந்து உடம்பு தளர்ந்ததும் மொத்தமாகத் திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் கண்ணில் படுவதும் கை அதற்குப் போவதும் மூளை செய்யும் இயல்பான வேலை. எவ்வளவு உறுதியான ஆளையும் பதினெட்டு மணி நேரம் இப்படி வைத்திருந்துவிட்டு சமையலறையில் விட்டால் இதுதான் நடக்கும். இதை உங்கள் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

பட்டினி கிடந்தும் எடை ஏன் கூடுகிறது என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பகலில் விட்டதைவிட ஐந்து மணி நேரத்தில் உள்ளே போவது அதிகம். வேகமாகச் சாப்பிடுவதால், போதும் என்ற உணர்வு வருவதற்கு முன்பே தட்டு காலியாகிவிடுகிறது. அந்த உணர்வு வர கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். மேலும் இன்சுலினுக்கு உடம்பு காலையில் நன்றாக இசைந்து கொடுக்கும், இரவு நெருங்க நெருங்கக் குறையும். அதனால் ஒரே அளவு மாவுச்சத்தைக் காலையில் சாப்பிடுவதைவிட இரவில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. நீங்கள் உண்பதில் பெரும்பகுதியை உடம்பு அதைச் சமாளிக்க மிகவும் திணறும் நேரத்தில் கொடுக்கிறீர்கள்.

டீயையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 8 கிராம். ஐந்து கோப்பைக்கு 40 கிராம். பிஸ்கட்டில் இருப்பது தனி. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள், அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நீங்கள் சாப்பிடவே இல்லை என்று நினைக்கும் பகல் பொழுதிலேயே அது தாண்டிவிடுகிறது. பிறந்தநாள் பிள்ளைகள் கொண்டுவரும் சாக்லேட்டை மறுக்க முடியவில்லை என்கிறீர்கள். மறுக்க வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள், வாழ்த்துங்கள். அப்போதே பிரித்துச் சாப்பிட வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் எதிர்பார்ப்பதில்லை.

16 மணி நேர விரதம் பற்றி: அதை நான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் சாப்பாட்டின் மொத்த அளவைக் குறைத்தார்கள். ஒரு பாதியினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரையே சாப்பிட்டார்கள். முடிவில் இரண்டு பிரிவினருக்கும் எடைக் குறைவில் பொருட்படுத்தக்கூடிய வேறுபாடு இல்லை. நேரத்தைக் கட்டுவதில் தனி மந்திரம் எதுவும் இல்லை என்பதுதான் அர்த்தம். உங்களுடன் வேலை பார்ப்பவருக்கு அது ஒத்துவந்திருக்கலாம். நீங்களோ ஏற்கெனவே ஒரு வகையில் அந்த விரதத்தில்தான் இருக்கிறீர்கள், அதுவும் சாப்பிடும் நேரத்தை மாலைக்கும் இரவுக்கும் தள்ளிவைத்து. வயிற்று வலியின் காரணம் தெரியும் வரை, ரத்தம் தேறும் வரை, உங்களுக்கு விரதம் வேண்டாம்.

எதை எப்போது சாப்பிடுவது

புதிய உணவுத் திட்டம் எதையும் நான் தரப்போவதில்லை. இரவில் சாப்பிடுவதில் ஒரு பகுதியைப் பகலுக்கு நகர்த்தினால் போதும்.

காலை 7 மணிக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்றால் சரி, விடுங்கள். பள்ளிக்குப் போய், முதல் மணி அடிக்கும் முன் பத்து நிமிடத்தில் சாப்பிடும்படி ஒரு சின்ன டப்பா தனியாக எடுத்துப் போங்கள். அதில் புரதம் இருக்க வேண்டும்: வேகவைத்த முட்டை, அல்லது வேகவைத்த பயறு, அல்லது ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்புகள், கூட ஒரு பழம். வெறும் ரொட்டியும் பிஸ்கட்டும் பதினொரு மணிக்கே பசியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கால் மணி நேரம். 40 நிமிடமும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. அந்தக் கால் மணி நேரத்தில் நோட்டு இல்லை, போன் இல்லை. முதலில் காய்கறியும் புரதமும், பிறகு மாவுச்சத்து என்ற வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் சற்றுக் குறைகிறது. மேற்பார்வை நாளில் அதுவும் முடியாது என்றால், அன்று மட்டும் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதியைக் காலை இடைவேளையில் சாப்பிடுங்கள். விதிப்படி மத்தியானம்தான் மத்தியானச் சாப்பாடு என்று உடம்புக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

எல்லாவற்றையும்விட உங்களுக்கு அதிக பலன் தரப்போவது மாலை நாலரை மணி. கடைசி வகுப்பு முடிந்ததும், பள்ளியைவிட்டுக் கிளம்பும் முன், திட்டமிட்டு எதையாவது சாப்பிடுங்கள்: கொஞ்சம் சுண்டவைத்த பயறு, தயிர், பழம், எது வசதியோ அது. சமையலறைக்குள் பசியோடு நுழையாமலிருப்பதுதான் நோக்கம். இதைச் செய்தால் இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவருவதும் எளிதாகும். வீட்டில் மற்றவர்கள் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார்கள் என்றால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், நீங்கள் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். காலையில் எல்லோருக்கும் டப்பா கட்டும் கை உங்களுடையது ஒன்றுதான் என்பதையும் கவனித்தேன். வீட்டில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் காலைக்கு அந்தப் பத்து நிமிடம் அப்படித்தான் கிடைக்கும்.

டீயை முழுக்க விட வேண்டாம். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். அதிலுள்ள பொருட்கள் இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சர்க்கரையை இந்த வாரம் இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று என்று குறையுங்கள். ஒரே நாளில் ஐந்து டீயையும் நிறுத்தினால் காஃபீன் இல்லாமல் அதுவே ஒரு தலைவலியாக வரும்.

காலை ஏழு மணிக்குக் கட்டிய டப்பாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திறக்காமல் திரும்பி வந்த சாப்பாட்டை வீணாக்க மனமில்லாமல் மாலையில் நீங்களே சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே கிருமி பெருகத் தொடங்கும். பத்து மணி நேரம் வெளியில் இருந்ததைத் தயவுசெய்து சாப்பிடாதீர்கள், சூடு பண்ணியும் சாப்பிடாதீர்கள். சில கிருமிகள் விடும் நச்சு சூட்டில் அழிவதில்லை.

தண்ணீரைக் குறைப்பது

நீரை அடக்கி வைப்பதால்தான் நீர்க்கடுப்பு வருகிறது, அதனால் குடிப்பதைக் குறைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நேர் எதிராகப் போய் முடியும். 1997-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 800 ஆசிரியைகளிடம் இதையே கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று வேலை நேரத்தில் வேண்டுமென்றே குறைவாகக் குடிப்பதாக ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். அப்படிக் குறைத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு, வேண்டிய அளவு குடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். வேலை நேரத்தில் அரிதாகப் போவதற்கும் தொற்றுக்கும் அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை. அதற்காக நாள் முழுக்க அடக்கிவைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டில் எது முதலில் மாற வேண்டும் என்று கேட்டால், தண்ணீர்தான்.

2018-ல் இன்னொரு ஆய்வு. அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிட நாளைக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. இவ்வளவு எளிய மாற்றத்துக்கு இவ்வளவு பலன் கிடைப்பது மருத்துவத்தில் அபூர்வம்.

எப்படிக் குடிப்பது? ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்தால் அடுத்த வகுப்பிலேயே அவஸ்தைதான். எழுந்ததும் ஒரு டம்ளர். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையிலிருந்து திரும்பும்போது இரண்டு மிடறு. பாட்டில் மேசை மேல் இருக்கட்டும், பையில் இருந்தால் கை போகாது. இடைவேளையில் முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போங்கள், டீ அதற்கு அப்புறம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓரிரு வாரம் அடிக்கடி போக வேண்டியிருக்கும், பிறகு பழகிவிடும். உங்கள் தலைவலியும் இதில் குறைய வாய்ப்பிருக்கிறது. அப்படியும் குறையவில்லை என்றால் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். 44 வயதில் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் இரவில் நோட்டுத் திருத்தினால் தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு என்பதை மருத்துவத்தில் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்றே கணக்கில் எடுப்போம். அடுத்த முறை வந்தால் பழைய ஆன்டிபயாடிக் அட்டையைத் தேடாமல், சிறுநீர்க் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள். காய்ச்சலும் இடுப்புக்கு மேல் முதுகுவலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குரலுக்கும் இந்தத் தண்ணீர்தான் முதல் மருந்து. ஆசிரியர்களையும் மற்ற வேலைகளில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு 2004-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அந்த நேரத்தில் குரல் தொந்தரவு இருந்தவர்கள் ஆசிரியர்களில் 11 சதவீதம், மற்றவர்களில் 6 சதவீதம். தொண்டை கட்டியது மூன்று நான்கு வாரத்தில் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

6.1 என்றால் என்ன?

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 முதல் நோய். அந்தக் கணக்குப்படி நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் இந்த எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கூடவே ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), பி12, தைராய்டு.

உண்மையிலேயே வாசலில்தான் நிற்கிறீர்கள் என்றாலும் திரும்பி நடக்க முடியும். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டு இலக்குகளோடு வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு, வெற்று மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களோடு ஒப்பிடும்போது, சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போட்டவர்களுக்கு 31 சதவீதம்தான். உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோ. கூடிய ஒன்பதையும் இறக்க வேண்டும் என்றில்லை. வகுப்பில் நாள் முழுக்க நிற்பதை நடைப்பயிற்சியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது காலுக்கு அசதி மட்டுமே. இரவு சாப்பிட்டபின் பத்து பதினைந்து நிமிட நடையில் தொடங்குங்கள், ஆனால் ரத்தம் கொஞ்சம் தேறிய பிறகு.

தலைமையாசிரியரிடம் பேசுவது

உங்கள் கடிதத்தில் மிகவும் தயங்கித் தயங்கி எழுதியிருந்த பகுதி இது. மதிய மேற்பார்வையைப் பற்றிப் பேசினால் என்ன நினைப்பாரோ என்ற பயம் நியாயமானதுதான். நான் சட்டம் படித்தவன் அல்ல, உங்கள் பள்ளியின் பணி விதிகளையும் பார்க்கவில்லை. அவற்றை முதலில் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள், ஓய்வு இடைவேளை பற்றி அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பேச்சு எளிதாகும். நீங்கள் கேட்பது ஊர் உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்புகள் பராமரிக்கும் பள்ளிகளில் மதிய மேற்பார்வையை ஆசிரியர் மேல் கட்டாயமாகச் சுமத்தக் கூடாது என்று பணி விதியிலேயே இருக்கிறது. யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966 அக்டோபர் 5-ல் ஏற்ற ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரை, ஆசிரியர்களுக்கு அவ்வப்போது இலவச மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. அந்தப் பரிந்துரை சட்டம் அல்ல, அதைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. உலக ஆசிரியர் நாளை அக்டோபர் 5-ல் கொண்டாடும் பள்ளியில் நினைவுபடுத்த உதவும், அவ்வளவே.

தனியாகப் போய் “எனக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்வதைவிட, ஆசிரியர் அறையில் இரண்டு மூன்று பேரிடம் முதலில் பேசுங்கள். டப்பாவைத் திறக்காமல் கொண்டுபோகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா என்று கேளுங்கள். நிச்சயம் இருக்காது. பிறகு குறையாக இல்லாமல் ஒரு கால அட்டவணையாகவே எழுதிக்கொண்டு போங்கள்: மேற்பார்வையை இரண்டு பேர் பாதிப் பாதி நேரமாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் முழுதாக இருபது நிமிடம் கிடைக்கும். ஆள் கூட வேண்டாம், செலவில்லை. கணக்கு எடுப்பவர் நீங்கள், இந்த அட்டவணையை உங்களைவிட நன்றாக யார் போட முடியும்? அப்புறம், நடு வகுப்பில் அவசரமானால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்வது என்று ஓர் ஏற்பாடு. இதற்குத் தலைமையாசிரியர் அனுமதிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது, பக்கத்து ஆசிரியரோடு பேசிக்கொண்டால் போதும்.

தலைமையாசிரியர் மறுத்தால்? அப்போது மருத்துவரின் கடிதம் வேண்டும். ரத்தசோகையும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றும் எழுத்தில் காட்டக்கூடிய காரணங்கள். அதையும் முதல் நாளே நீட்ட வேண்டாம். பேசித் தீரக்கூடியதை ஃபைலில் ஏற்றினால் உறவு இறுகிப்போகும். வேலையை விட்டுவிடலாமா என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். 19 வருட வேலையை விடுவது பெரிய முடிவு. ரத்தம் குறைந்து, தூக்கம் கெட்டு, வலியோடு இருக்கும்போது அதை எடுக்காதீர்கள். மூன்று மாதம் போகட்டும். ஹெச்பிஏ1சியும் அதற்கு முன் மறுபடி எடுத்துப் பயனில்லை, இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் அது காட்டும்.

இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு உறையில் போட்டு எடுத்துப் போங்கள். தலைவலி மாத்திரையை வாரத்துக்கு எத்தனை, எவ்வளவு காலமாக என்று குறைக்காமல் சொல்லுங்கள். கடைசி மூன்று மாதவிடாய் தேதிகளையும் போக்கு எத்தனை நாள் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை டீயோடும் கேஸ் மாத்திரையோடும் சேர்த்துப் போடலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.